கண்ணுக்குத் தெரியாத கள்ளி முள்: குழந்தையின் தோலிலிருந்து எடுப்பது எப்படி?

கேள்வி: நான்கு வயது மகள், பால்கனித் தொட்டியில் இருந்த கள்ளிச் செடியை நேற்று மாலை தடவியிருக்கிறாள். தட்டைத் தட்டையாக, மேலே மஞ்சள் பொட்டு வைத்தாற்போல் இருக்கும் செடி. பெரிய முள் எதுவும் குத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் உள்ளங்கை, விரல் இடுக்கு, வயிறு எல்லாம் சிவந்து பொரிப் பொரியாக இருக்கிறது. ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் தடவினோம். அலர்ஜி மருந்து கொடுத்தால் போதுமா?

பதில்:

போதாது. நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது அலர்ஜியாகத் தொடங்கியதில்லை. முள் இன்னும் தோலில்தான் இருக்கிறது. அதை எடுக்காமல் மேலே எந்த மருந்தைப் போட்டாலும் இரண்டு மணி நேரம் அடங்கும், பிறகு மறுபடி அரிக்கும். முதலில் முள்ளை எடுக்க வேண்டும், அடுத்து கழுவ வேண்டும், மருந்து அதற்கப்புறம்தான். பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாகப் போவதால்தான் ஒரே நாளில் முடிய வேண்டிய வேலை ஒரு வாரத் தொல்லையாகிறது.

அந்தச் செடி மெக்சிகோவைச் சேர்ந்த ஒபன்ஷியா மைக்ரோடேசிஸ். நர்சரிகளில் ‘பன்னி இயர்’, அதாவது முயல் காது என்ற பெயரில் கிடைக்கும். நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்கு நெருங்கிய சொந்தம். முள்ளே இல்லாத சாதுவான செடி போலத் தெரிவதால் குழந்தை இருக்கும் வீட்டில் தைரியமாக வாங்கி வைத்துவிடுகிறார்கள். மஞ்சளாகவோ வெள்ளையாகவோ தெரியும் ஒவ்வொரு பொட்டும் ஒரு முள் கற்றை. ஒவ்வொரு முள்ளும் 2, 3 மில்லிமீட்டர் நீளம், தலைமுடியைவிட மெல்லியது. குளோக்கிட் என்பார்கள். நாம் சுணைமுள் என்றே வைத்துக்கொள்வோம். லேசாகப் பட்டாலே செடியிலிருந்து கழன்று கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அதன் உடம்பெங்கும் பின்னோக்கிச் சரிந்த கொக்கிகள் இருக்கும். உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். தேய்த்தாலும் சொறிந்தாலும் அது உள்பக்கமாகத்தான் நகரும்.

எல்லாக் கள்ளிக்கும் இது கிடையாது. சுணைமுள் என்பது சப்பாத்திக்கள்ளி வகையறாவில் மட்டும்தான். உருண்டையான பீப்பாய்க் கள்ளி, தலையில் சிவப்பு மஞ்சள் உருண்டையை ஒட்டுக்கட்டி விற்கிற குட்டிச் செடி, மாடியில் வளர்க்கிற டிராகன் பழக்கொடி ஆகியவற்றில் இருப்பவை சாதாரண முட்கள். குத்தினால் வலிக்கும், கண்ணுக்குத் தெரியும், பிடுங்கிவிடலாம். பொரிப் பொரியாய் அரிப்பதில்லை.

இன்னொன்றையும் உறுதி செய்துகொள்ளுங்கள். செடியைக் கிள்ளினால் பால் வடிகிறதா? சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுக்கள்ளி, நர்சரியில் யூபோர்பியா என்றே விற்கும் முள் பூச்செடி எல்லாம் பேரளவில் கள்ளியே தவிர வேறு குடும்பம். அவற்றின் பால் தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பால் பட்டிருந்தால் இங்கே சொல்லப்போகும் முள் எடுக்கும் வேலைக்கு முன்னால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்திருந்தால் இமையை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் சுத்தமான தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அப்படியே கண் மருத்துவரிடம் போங்கள்.

இனி உங்கள் மகளுக்கு வருவோம்.

முதலில் எண்ணெயைப் போக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும் வரை ட்வீசர் வழுக்கும், முள் எடுக்கப் பின்னால் பூசப்போகும் பசையும் ஒட்டாது. குளிக்கும் சோப்பை உங்கள் கையில் நுரைத்து, நுரையை மட்டும் அவள் தோல்மேல் விட்டு, குழாய்த் தண்ணீர் ஓடிக் கழுவட்டும். கையால் தேய்க்காதீர்கள், நார் போடவே கூடாது. துண்டால் துடைக்காமல் மெல்லிய பருத்தித் துணியை வைத்து ஒற்றி எடுத்து, ஃபேனுக்கு அடியில் பத்து நிமிடம் காயவிடுங்கள். அந்தத் துணியை மறுபடி பயன்படுத்த வேண்டாம். எண்ணெயே தடவாத குழந்தை என்றால் இந்தக் கழுவும் வேலை இப்போது தேவையில்லை, காய்ந்த தோலிலேயே தொடங்கலாம்.

நேற்று போட்டிருந்த சட்டையை அவள் இன்னும் மாற்றவில்லை என்றால் தலைவழியாக உருவ வேண்டாம். வயிற்றில் இருக்கும் முள் முகத்துக்கும் கண்ணுக்கும் போய்விடும். பழைய சட்டையானால் முன்பக்கம் கத்தரித்தே எடுத்துவிடலாம். நல்ல சட்டை என்றால் தோள்பட்டை வழியாகக் கீழே இறக்கிக் கால்வழியாக எடுங்கள். நகத்தையும் ஒட்ட வெட்டிவிடுங்கள். ராத்திரி சொறிந்தே புண்ணாக்கிக்கொள்ளும் வயது இது.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: புருவம் எடுக்கிற, நுனி சாய்வாகவும் தட்டையாகவும் இருக்கும் ட்வீசர் ஒன்று. ஊசி போலக் கூரான நுனி வேண்டாம், அது முள்ளைப் பிடிப்பதற்குப் பதில் நடுவில் முறித்துவிடும். ஒரு டார்ச். ஒரு பூதக்கண்ணாடி, இல்லாவிட்டால் மொபைல் கேமராவை ஜூம் செய்து இன்னொருவர் பிடித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூடக் கைவேலைக்கு வாங்குகிற வெள்ளைப் பசை. மருந்துக்கடையில் கட்டுப்போட விற்கும் காஸ் துணி. உங்களுக்கு ரப்பர் கையுறை. பாத்திரம் கழுவுகிறதே போதும். கம்பளி, துணி, தோல் கையுறைகளில் சுணைமுள் ஏறிவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது. ட்வீசரைச் சோப்பால் கழுவி ஐந்து நிமிடம் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுங்கள், அல்லது ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

குழந்தை வலியில் இருந்தால், வேலையைத் தொடங்க அரைமணி நேரம் முன்னால் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஒரு வேளைக்கு எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 14 கிலோ குழந்தைக்கு 140 முதல் 210 மி.கி. கடையில் 5 மில்லிக்கு 120, 125, 250 மி.கி. என்று வெவ்வேறு அடர்த்தியில் சிரப் இருக்கிறது; கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து அதைவிட அடர்த்தியானது. பாட்டிலின் லேபிளைப் படிக்காமல் ‘ஒரு மூடி’ என்று ஊற்றாதீர்கள். 5 மில்லிக்கு 250 என்றால் இந்தக் குழந்தைக்கு 3 முதல் 4 மில்லி போதும்.

இப்போது ட்வீசர் வேலை. கையைக் கறுப்புத் துணிமேல் வையுங்கள். டார்ச்சை மேலிருந்து அடிக்காமல் தோலோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு முள்ளும் நிழலோடு தங்க நிற மயிர் மாதிரி மின்னும். தோலுக்கு மிக நெருக்கமாகப் பிடித்து, எந்தச் சாய்வில் உள்ளே போயிருக்கிறதோ அதே சாய்வில் பின்னோக்கி இழுங்கள். நுனியைப் பிடித்து நிமிர்த்தி இழுத்தால் முறியும். கொத்தாக இருக்கும் இடத்தை முதலில் முடியுங்கள், தனித்தனி முள்ளை அப்புறம் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ட்வீசர் நுனியை ஈரமான டிஷ்யூவில் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இங்கே எடுத்ததை அடுத்த இடத்தில் நட்டுவைப்பீர்கள்.

எங்கே இருக்கிறதென்று தெரியாவிட்டால் காது குடைகிற பட்ஸின் பஞ்சு நுனியால் தோலை மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். முள் இருக்கும் இடத்தில் பஞ்சு இழை சிக்கும், குழந்தையும் வெடுக்கென்று கையை இழுப்பாள். நான்கு வயதுக்கு ஒரு தடவைக்கு 15 நிமிடம்தான் பொறுமை. அதற்குமேல் பிடித்து அமுக்கிச் செய்ய வேண்டாம். எல்லாவற்றையும் ட்வீசரால் எடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மீதியைப் பசை பார்த்துக்கொள்ளும்.

பசை என்றதும் பலர் நம்புவதில்லை. 1987-ல் வெளியான ஓர் ஆய்வில் முயல் தோலில் கள்ளி முள்ளைக் குத்தவைத்துப் பல வழிகளில் எடுத்துப் பார்த்தார்கள். ட்வீசர் மட்டும் ஏறத்தாழ முக்கால் பங்கு முள்ளை எடுத்தது. வெள்ளைப் பசையும் காஸ் துணியும் மட்டும் போட்டபோது அறுபது சதவீதத்துக்குச் சற்று மேல். எல்லோரும் முதலில் தேடுகிற பேக்கிங் டேப் 30 சதவீத அளவோடு நின்றுவிட்டது. கொத்துகளை ட்வீசரால் எடுத்துவிட்டு மேலே பசை போட்டபோதுதான் 95 சதவீதம் வரை வந்தது. டேப் ஏன் தோற்கிறது என்றால், அது முள்ளின் நுனியில் மட்டும்தான் ஒட்டுகிறது. ஒட்டவைக்க அழுத்தும்போது முள்ளை உள்ளேயும் தள்ளுகிறது. ஈரப்பசை முள்ளைச் சுற்றி அடிவரை இறங்கிப் பிடித்துக்கொண்டு காய்கிறது.

பசையில் ஒரே எச்சரிக்கை. பள்ளிக்கூடக் கைவேலைக்கான ஃபெவிகால் போன்ற, தண்ணீரில் கரைகிற வெள்ளைப் பசை மட்டும்தான். ஃபெவிக்விக் மாதிரி நொடியில் ஒட்டுகிற பசையைத் தோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அது உரிந்து வராது, விரலோடு விரலை ஒட்டிவிடும், முள்ளையும் உள்ளேயே பூட்டிவிடும். மரவேலைக்கு டப்பாவில் வருகிற கெட்டிப் பசையும் வேண்டாம்.

முள் இருக்கும் இடத்தில் பசையை மெல்லியதாக, தோல் நிறம் மங்கலாகத் தெரியும் அளவுக்குப் பூசுங்கள். தேய்த்துப் பூசக் கூடாது. சொட்டுச் சொட்டாக விட்டு ஐஸ்கிரீம் குச்சியால் பரப்பினால் போதும். தடியாகப் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், உரிக்கும்போது அறுந்துவிடும். ஈரம் இருக்கும்போதே காஸ் துணியில் ஒற்றை மடிப்பை மேலே படியவிடுங்கள். ஓரத்தில் ஒரு விரற்கடை துணி பசையில்லாமல் நீண்டிருக்கட்டும், உரிக்கப் பிடி வேண்டும். காஸ் இல்லாவிட்டால் நைந்த பழைய மல் துணி கிழிசல் போதும். விரல்களை ஒவ்வொன்றாகத் தனித்தனித் துண்டு சுற்றிச் செய்யுங்கள். நான்கு விரலையும் சேர்த்துப் பூசினால் இடுக்கெல்லாம் ஒட்டிக்கொண்டு இன்னொரு அழுகை. காய அரைமணி நேரமாகும். சென்னை, தூத்துக்குடி மாதிரி புழுக்கமான ஊரில் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். ஃபேன் போதும், சூடான ஹேர் டிரையர் வேண்டாம். இந்த நேரத்துக்கு ஒரு கார்ட்டூன் போட்டுவிடுவதில் தப்பே இல்லை.

பால் நிறம் போய்க் கண்ணாடி போலத் தெளிந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது ஓரத்தைப் பிடித்து, ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு, துணியைத் தன்மேலேயே மடித்து, தோலை ஒட்டியபடி மெதுவாக உரியுங்கள். நேர் மேலாக வெடுக்கென்று பிடுங்கினால் குழந்தைத் தோல் புண்ணாகும். உரித்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பசைப் படலத்தில் முட்கள் நிமிர்ந்து நிற்பது தெரிந்தால் இன்னொரு சுற்றுப் போடலாம். ஒன்றும் வரவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் இரண்டு சுற்றுக்குமேல் வேண்டாம்.

முகம், கண் இமை, உதடு, பிறப்புறுப்பு, சொறிந்து ரத்தம் கசிந்த இடம் ஆகியவற்றில் பசை போடக் கூடாது. ஒரு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் சில முட்கள் தோல் மட்டத்துக்குள்ளேயே முறிந்து தங்கும். அவற்றை விட்டுவிடுங்கள். ஊசியை எடுத்துக் குத்திக் கிளறுவதுதான் வீடுகளில் நடக்கிற பெரிய கெடுதல். இவ்வளவு மெல்லிய முள்ளை ஊசியால் தூக்க முடியாது. துளை பெரிதாகிறது, சீழ் பிடிக்கிறது, குழந்தை அடுத்த முறை கையையே காட்டாது. உள்ளங்கைத் தோல் தடிமனானது. அங்கே மேல் அடுக்கில் நிற்கும் முள், தோல் உதிரும்போது அதனோடு தானாக வந்துவிடும். வயிற்றுத் தோல் மெல்லியது, அங்கேதான் சில நாள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

முள் எடுத்து முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் மிதமான சோப்பால் கழுவி ஒற்றிவிடுங்கள். பிறகு அரிப்புக்கு எளிய வைத்தியம் குளிர்ச்சிதான். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், நாளைக்கு மூன்று நான்கு முறை வைக்கலாம். ஐஸை நேராகத் தோலில் வைக்க வேண்டாம். கேலமைன் லோஷனை அடிக்கடி தடவலாம். உள்ளங்கையில் போட்டால் காயும்வரை கை வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவப்பும் வீக்கமும் இருந்தால் ஒரு சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு, மெல்லியதாக, நாளைக்கு ஒருமுறை அல்லது இருமுறை, அதிகபட்சம் ஒரு வாரம். அளவு சொல்கிறேன்: பெரியவரின் ஆள்காட்டி விரல் முதல் கணு நீளத்துக்கு ட்யூபிலிருந்து பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவு பரப்புக்கு அது போதும். உங்கள் மகளின் ஒரு உள்ளங்கைக்கு அதில் எட்டில் ஒரு பங்கே அதிகம். முகத்திலும் சீழ் வைத்த இடத்திலும் போடக் கூடாது, இரண்டு வயதுக்குக் கீழே மருத்துவரைக் கேட்காமல் கூடாது. மருந்துக்கடையில் அரிப்பு என்று மட்டும் சொன்னால் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், வலுவான ஸ்டீராய்டு மூன்றும் கலந்த ட்யூப் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள். பின்பக்கம் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு நாளில் அடங்கிவிடும் என்பது உண்மைதான். குழந்தையின் தோல் மெலிந்துபோவதும், உள்ளே கிருமி இருந்தால் வெளியே தெரியாமல் வளர்வதும் அதன் விலை.

நீங்கள் கேட்ட அலர்ஜி மருந்து இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. ராத்திரித் தூக்கத்துக்காக செட்டிரிசின் சிரப் கொடுக்கலாம். 2 முதல் 5 வயதுக்கு ஒரு வேளைக்கு 2.5 மி.கி.; 5 மில்லிக்கு 5 மி.கி. சிரப் என்றால் இரண்டரை மில்லி. வேறு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும் குழந்தை, சிறுநீரகக் கோளாறு உள்ள குழந்தை, இரண்டு வயது ஆகாத குழந்தை என்றால் கேட்டுவிட்டுத்தான். முள்ளால் நேரடியாக வரும் உறுத்தலை இது பெரிதாகக் குறைக்காது, சொறியாமல் தூங்கவைக்க உதவும்.

நாட்டு வைத்தியத்தில் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். மஞ்சளால் கெடுதல் இல்லை. ஆனால் தோல் சிவந்திருக்கிறதா என்று பிறகு பார்க்கவே முடியாது. காலில் முள் குத்தினால் எருக்கம் பால் வைக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். அந்தக் கை கண்ணுக்குப் போனால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். சுண்ணாம்பும் அப்படித்தான், கண்ணில் பட்டால் அது காரம், எரித்துவிடும். மெழுகை உருக்கி ஊற்றி உரிப்பது பெரியவர்களுக்கே சூடு வைக்கிற வேலை. தலைமுடியில் தேய்க்கச் சொல்வதும் உண்டு; முள் கையிலிருந்து தலைக்கு இடம் மாறும்.

அடுத்து, பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம். மூன்றாவது நாள் புதிய இடத்தில், உதாரணமாகக் கழுத்திலோ முதுகிலோ பொரி கிளம்பினால் ‘அலர்ஜி பரவுகிறது’ என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் பரவுவது முள்தான். நேற்று துடைத்த துண்டு, அவள் படுத்த தலையணை உறை, சோபா விரிப்பு, தூக்கிக்கொண்ட அம்மாவின் புடவைத் தோள்பட்டை என எல்லாவற்றிலும் சுணைமுள் இருக்கும். தோலில் தோற்றுப்போன பேக்கிங் டேப் இங்கே நன்றாக வேலை செய்யும். துணியை விரித்து டேப்பை ஒற்றி ஒற்றி எடுங்கள், ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். பிறகு தனியாக, மற்ற துணிகளோடு சேர்க்காமல் அலசுங்கள். வாஷிங் மெஷினில் மொத்தமாகப் போட்டால் வீட்டில் எல்லோருக்கும் அரிக்கும். டர்க்கித் துண்டில் ஏறியிருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போடுவதே மேல்.

டெட்டனஸ் வராமல் தடுக்கிற டிடி ஊசி போட வேண்டுமா என்று அடுத்து கேட்பீர்கள். அரசு அட்டவணைப்படி ஆறு, பத்து, பதினான்காவது வாரங்களில் பென்டாவேலன்ட், 16 முதல் 24 மாதத்துக்குள் டிபிடி பூஸ்டர் எல்லாம் போட்டிருந்தால், நான்கு வயதுக் குழந்தைக்கு இதற்காகத் தனி ஊசி தேவைப்படாது. ஐந்து வயதில் வரும் அடுத்த பூஸ்டரைத் தவறவிடாதீர்கள். தடுப்பூசி அட்டையில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், குறிப்பாக முள் மண்ணில் கிடந்து குத்தியிருந்தால், அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள்.

எப்போது வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டும்? கண்ணில் உறுத்தல், நீர் வடிதல், கண் திறக்க முடியாமை இருந்தால் உடனே, கண்ணைக் கசக்கவிடாமல். நீங்களாக எதையும் எடுக்கப் பார்க்காதீர்கள். முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடிப்பு வந்து மூச்சு இழுத்தாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். இது அரிது, ஆனால் காத்திருக்கும் விஷயமில்லை. சிவப்பு நாளுக்கு நாள் அகலமாகிச் சூடாக இருந்தால், சீழ், காய்ச்சல், கையில் மேல்நோக்கிச் சிவப்புக் கோடு இவற்றில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே. பெரிய முள் விரல் மூட்டின் மேல் குத்தி முறிந்திருந்து, விரலை மடக்க முடியாமல் முழு விரலும் வீங்கியிருந்தாலும் அன்றைக்கே. அப்படிப்பட்ட முள்ளுக்கு எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றும் இல்லை’ என்று நிம்மதியாகிவிட வேண்டாம். தாவர முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரிய வாய்ப்பு அதிகம். செடியின் படத்தை மொபைலில் எடுத்துப் போங்கள், பாதிக் கேள்வி மிச்சமாகும்.

உடனடி ஆபத்து இல்லாவிட்டாலும் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, சில நாளோ சில வாரமோ கழித்து, முள் இருந்த இடத்தில் சில மில்லிமீட்டர் அளவில் கெட்டியான மேடுகள் எழும்பும், சிலவற்றின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும். தங்கிவிட்ட முள்துணுக்கை உடம்பு சுற்றி வளைத்துக் கட்டிய கட்டி அது, கிரானுலோமா என்பார்கள். தொற்று இல்லை, பிதுக்கினால் வராது, மாதக்கணக்கில்கூட இருக்கும். கூட்டமாக இருக்கும்போது சிரங்கு என்று நினைத்து வீட்டில் எல்லோருக்கும் லோஷன் பூசவைப்பதும் நடக்கும். அதனால் கள்ளி முள் குத்திய விஷயத்தை நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, குத்திய இடத்தில் ஆறாத ஒரு முடிச்சு, பிறகு அதற்கு மேலே கையில் வரிசையாக அடுத்தடுத்த முடிச்சுகள். இது செடி, மண் வழியாக வரும் ஸ்போரோட்ரைக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். சாதாரண ஆன்டிபயாடிக் கேட்காது, வாரக்கணக்கில் தனி மருந்து வேண்டும்.

கிராமத்துப் பக்கம் இதே தொல்லை சப்பாத்திக்கள்ளிப் பழத்தால் வரும். 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த கொச்சினீல் பூச்சி தென்னிந்தியாவில் இந்தக் கள்ளியைப் பெருமளவு அழித்தது. இருந்தாலும் வறண்ட மாவட்டங்களின் வேலியோரத்தில் இன்னும் நிறைய நிற்கிறது. பழத்தின் தோல் முழுக்கச் சுணைமுள். பள்ளி விடுமுறையில் பறித்துத் தின்கிற பிள்ளைகளுக்கு உதட்டிலும் நாக்கிலும் ஏறிவிடும். வாயில் பசை, டேப் எதுவும் கூடாது. நல்ல வெளிச்சத்தில் நாக்கை நீட்டச் சொல்லித் தெரிகிறதை ட்வீசரால் எடுங்கள், குளிர்ந்த தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள். சோற்று உருண்டையையோ வாழைப்பழத்தையோ விழுங்கச் சொல்லி முள்ளை இறக்கப் பார்க்காதீர்கள். எச்சில் விழுங்கவே வலிக்கிறது, எச்சில் வடிகிறது, குரல் மாறுகிறது என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாகத் தொட்டி. கைக்கெட்டாத உயரத்தில் வைத்தால் போதும் என்று நினைக்கலாம், ஆனால் நீங்கள் தண்ணீர் ஊற்றும்போது உங்கள் சட்டையில் ஒட்டி அவளிடமே வந்து சேரும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வகையை மட்டும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதே நல்லது. பெரிய பிளாஸ்டிக் பையைத் தொட்டியோடு சேர்த்துத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இறுக்கிக் கட்டி, அப்படியே அட்டைப்பெட்டியில் வைத்து, குப்பை எடுக்க வருபவரிடம் ‘உள்ளே கள்ளி முள் இருக்கிறது’ என்று சொல்லிக் கொடுங்கள். தொட்டி இருந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம், முள் பறக்கும். ஈரத்துணியால் ஒருமுறை ஒற்றித் துடைத்து அந்தத் துணியையும் அதே பெட்டியில் போட்டுவிடுங்கள்.